நிறம் வெட்டப்பட்ட ராடு

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் சேர்ந்தது எனக்கு ஆறாவது பட்டறை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லேத் ஓட்டத் தெரியும்; ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. முதலாளி ரயில்வே குடும்பத்துத் தமிழர். பாதி கன்னடத்தில்தான் திட்டுவார்.

கடையிலிருந்து வரும் இரும்பு ராடுகளின் ஒரு முனையில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எந்த நிறம் எந்த இரும்பு என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். நிறமில்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். நிறம் போய்விட்டால் மிச்சத் துண்டு என்ன இரும்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. சாதா இரும்பும் கெட்டி இரும்பும் ஒரே கறுப்பு, ஒரே கனம்.

எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் நான் வெட்ட வேண்டிய ராடு, நிறமுள்ள பக்கம் ரம்பத்தை நோக்கிக் கிடந்தது. பன்னிரண்டடி ராடைத் திருப்பிப் போட வேண்டுமானால் தெருவுக்குக் கொண்டுபோய் வர வேண்டும். அப்படியே வெட்டினேன். மிச்சத்தை மூலையில் மற்றத் துண்டுகளோடு சாய்த்து வைத்தேன்.

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. முதலாளி ஊரில் இல்லை, இரும்புக் கடையும் திறக்காது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து ஒருவர் உடைந்த ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மக்காச்சோளம் அடிக்கும் மெசின் வைத்திருப்பவர். இருந்த நிலத்தை விற்று வாங்கியது. அறுவடை நாற்பது நாள். அதில் ஓடினால்தான் அந்த வருடச் சாப்பாடு. நான் தமிழில் பேசியதும் முகம் தெளிந்துவிட்டது.

"அட, நம்மாளுங்களா! நாளைக்கு வெடியால மெசின் காட்டுல நிக்கோணுங் தம்பி. இல்லாட்டி வேற மெசினக் கூட்டிட்டு வந்துருவாங்க."

"கெட்டி இரும்புலதான் பண்ணணும் அண்ணா. இருக்கான்னு பாக்கிறேன்."

மூலையில் அந்தக் கனத்தில் இரண்டு துண்டுகள் இருந்தன. இரண்டிலும் நிறமில்லை; எது நான் வெட்டிப் போட்டது என்றும் நினைவில்லை. கிரைண்டரில் பிடித்துப் பார்த்தேன். கெட்டி இரும்பென்றால் பொறி நுனியில் பூவாக வெடிக்கும். சாதா இரும்பில் கோடு கோடாகப் போகும். கிரைண்டர் வாசலருகே இருந்தது. மத்தியான வெயிலில் பொறி சரியாகத் தெரியவில்லை. ஒன்றில் பூ அதிகம் என்று தோன்றியது. அவர் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். தோன்றியதை எடுத்துக்கொண்டேன்.

'நிச்சயமாகத் தெரியவில்லை, ஒரு நாள் பொறுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரியாதவன் என்று அவர் நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அளவு மட்டும் பிசகாமல் கடைந்து கொடுத்தேன். தடவிப் பார்த்து, "கண்ணாடியாட்ட இருக்குதுங்" என்றார்.

புதன்கிழமை திரும்பி வந்தார். ஈரக் கதிர் சிக்கியதும் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டுவிட்டது. பிழிந்த துணிபோல இருந்தது. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கி, இருட்டில் கிரைண்டரில் வைத்தார். பொறி நீளக் கோடுகளாக ஓடியது. ஒரு பூ இல்லை.

"சாதா இரும்பு. யாரப்பா எடுத்தது?"

"நான்தான்."

"கலர் எல்லி? எங்க போச்சு?"

"வெட்டிட்டேன்."

"வெட்டிட்டு, வெயில்ல பொறி பாத்தியா? உன் கண்ணு என்ன லேபரட்டரியா? ஸ்வல்ப புத்தி பேடவா, கொஞ்சமாவது புத்தி வேணாமா?"

ஹனூர்க்காரர் குறுக்கே வந்தார். "வுடுங்க சாமி, திட்டாதீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "தெரியலீன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒரு நாள் இருந்திருப்பனுங் தம்பி. ஒரு நாளுக்குக் காட்டுக்காரங்க கையில கால்ல வுழுந்திருக்கலாம். இப்ப சாமராஜநகர் மெசின் வந்துருச்சுங். அறுவடை முடியற மட்டும் அதுதான்."

முதலாளி கடைக்கு ஆளனுப்பிப் புது ராடு வரவழைத்தார். நிறத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். சாயங்காலத்துக்குள் அதே அளவில் இன்னொன்று கடைந்தேன். ஹனூர்க்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். டீயை வாங்கிக் கீழே வைத்தவர் குடிக்கவில்லை.

ஷாஃப்டைக் கொடுத்தபோது இந்தமுறை தடவிப் பார்க்கவில்லை.

"அடுத்த வருச அறுவடைக்காவது ஆகுமுங்களா அண்ணா?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன்.

"மெசின விக்காம இருந்தா ஆகும்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மாதக் கடைசியில் நானே கிளம்பினேன். அதுவரை ஷட்டர் பக்கம் யார் நிழல் விழுந்தாலும் ஹனூர்க்காரர்தானோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் வரவில்லை.