ஒரு லட்சத்து ஒன்றில் எங்கள் பங்கு

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். நடவு முடிந்ததும் அம்மன் பெயரை ஒரு லட்சத்து ஒன்று தடவை எழுதுவதாகத் தெருப் பெண்கள் வேண்டிக்கொண்டார்கள். வெறும் லட்சத்தோடு நிறுத்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒன்று சேர்த்தால்தான் நிறைவு.

பத்து வீடுகளுக்கு நோட்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது காரணமாம். எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்கும் நான் அதே வீட்டில்தானே இருக்கிறேன்? காரணம் வேறு என்று எனக்குப் பட்டது.

பொறுப்பேற்றிருந்தவர், தெருவே பெரியம்மா என்று கூப்பிடும் மூத்தவர், சொல்லியிருந்தார்: "ஆளுக்குச் சமமா எழுதணும். கூடக்கொறச்சல் இருந்தா பலிக்காது." ஆனால் மற்றவர்களுக்குப் பத்தாயிரம், அவருக்கு மட்டும் பத்தாயிரத்து ஒன்று.

கும்பகோணம் பஸ்ஸில் அந்த எண்ணை நோண்டினேன். இரண்டிலிருந்து பத்து வரை எதால் வகுத்தாலும் மீதி வந்தது. பதினொன்றால் வகுத்தால் மிச்சமில்லாமல் 9,091. அதற்குமேல் அது உடையவில்லை. அதன் வர்க்கமூலம் வரை, அதாவது தொண்ணூற்றைந்து வரை, வகுத்துப் பார்த்துவிட்டேன், அது பகா எண். அப்படியானால் சமமாகப் பிரிக்கப் பதினொரு பேர் வேண்டும். அடுத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொரு பேர்தான்.

கோயிலில் இதைச் சொன்னதும் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, உன்னைச் சேத்துக்கணும்னு கணக்க வளைக்கிறியா?"

"போன்ல போட்டுப் பாருங்க பெரியம்மா."

மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "பன்னெண்டு பேருக்கு?"

"வராதுங்க."

"இவ்வளவு பெரிய நம்பரு, அது எப்படி வராமப் போகும்?"

பின்வரிசையில் ஒருத்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அப்ப நமக்குத் தொள்ளாயிரத்து ஒம்பது வரி கொறையுது! குடுத்துத் தொலைங்கக்கா நோட்ட."

கொடுத்தார்கள். விரல் காய்க்க எழுதினேன். என் வரிகளைச் சந்தேகப்படுவார்கள் என்று தெரியும். அதனால் பக்கத்துக்கு ஐம்பது வரி, நூற்று எண்பத்தோரு பக்கம், கடைசியில் நாற்பத்தொரு வரி என்று ஓரத்தில் எண் போட்டு வைத்தேன்.

ஒப்படைக்கிற அன்று நினைத்ததே நடந்தது. பத்து நோட்டுகளையும் பிரிக்காமல் அடுக்கிய பெரியம்மா, என்னுடையதை மட்டும் மடியில் வைத்து எண்ணத் தொடங்கினார். நான் போட்ட எண்களை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். மதியம் தொடங்கியவர் மாலை விளக்கேற்றும் நேரத்தில் முடித்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார், ஏதோ குறைந்துபோன குரலில்.

நான் அடுக்கின் மேலிருந்த அவருடைய நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"என்னடி பண்றே?"

"எண்ணுறேன் பெரியம்மா. எல்லாம் சமமா இருக்கணும்ல? இது முடிஞ்சதும் மத்ததையும் பாத்துடலாம்."

பின்வரிசைக்காரி மெதுவாக எழுந்து வந்து அடுக்கிலிருந்து தன் நோட்டை உருவினாள். பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து, பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.