தறி நின்ற நாளில் நிற்காமல் ஓடிய கார்

தாமு அண்ணா போய்விட்டார். காலையில் என் நைனா போன் செய்து சொன்னார்... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நகரியில் எங்கள் வீட்டை ஒட்டித்தான் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் விசைத்தறி ஷெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர்.

குவைத்திலிருந்து திரும்பி வந்து ஆரம்பித்த கடை அது. வந்து இறங்கிய அன்று, பெற்ற மகள் ஹேமாவே அவள் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு, யார் இவர் என்று கேட்டதாம். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

டைப்பிங், ஹால் டிக்கெட் பிரின்ட் எல்லாம் பேருக்குத்தான். கடை ஓடியது கார் ரேஸ் கேமில்.

ஆனால் அந்த கேம்... கார் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், வளைவு வந்ததும் பொசுக்கென்று நிற்கும். மறுபடி கிளம்பும்போது மரத்தில் மோதியிருக்கும். பையன்கள் வெறுத்துப்போய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த இன்னொரு சென்டருக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அவர் மாற்றாத பார்ட் இல்லை. ரேம், கிராபிக்ஸ் கார்டு, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினார். புது டிஸ்க்கிலும் அதே கதை.

சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறுவார். ஹார்ட் டிஸ்க் படிக்கத் திணறினால் கேம் இப்படி நிற்கும், ஆனால் இது நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள் அங்கே. அவர்கள் கடையில் கார் ஒரு இடத்திலும் நிற்காது. ஊருக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால்... மறுபடியும் மரம்.

பெருமாள் ஊரை விட்டு வர உங்கள் காருக்கு மனசில்லை அண்ணா என்று கிண்டல் செய்வேன். நான் அப்போது டிகிரி படிக்கிற பெண். வாய் அதிகம்.

வாஸ்துவும் பார்த்தார். கரண்ட் சாமான் அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்று எவனோ சொல்ல, டேபிளை இழுத்து எங்கள் ஷெட் சுவரோடு ஒட்டிப் போட்டார். இன்னும் மோசமானது.

அப்புறம் பழி நைனா மேல் விழுந்தது. உங்கள் தறி வோல்டேஜை இழுக்கிறது என்றார். கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது கேம் ஒழுங்காக இருக்கிறதாம், அதுதான் சாட்சியாம்.

நைனா சும்மா இருப்பாரா? என் மீட்டர் வேறு, உன் மீட்டர் வேறு என்று எகிறினார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அதற்குள் குவைத் ஏஜென்ட் வந்து தாமு அண்ணாவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் போயிருந்தான். கடை ஓடவில்லை என்றால் வேறு என்ன வழி? ஹேமா அப்போதுதான் அவரிடம் ஒட்ட ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தெரு பால்காரர் இறந்துபோனார். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் யார் வீட்டுத் தறியும் ஓடாது.

நைனா கோபத்தை ஒரு நாளைக்கு ஒத்திவைத்து, சாவுக்குக் கூப்பிட தாமு அண்ணா கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே அவர் கேமைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

கார் வளைவு வளைவாகப் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, கரண்ட்டு கீது. யுபிஎஸ்ல ஓடல. அப்பவும் நிக்காம போய்க்கினு கீது பாரு."

நைனா கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்தார். அப்புறம் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னிக்கு சொவுரு ஆடலடா தாமு."

சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்ததும் நைனா தறியைப் போட்டார். தாமு அண்ணா டேபிளில் இருந்த டம்ளர் தண்ணீர் நடுங்கியது. கார் மரத்தில் போய் மோதியது. சாவு விழுந்த தெரு என்பதையும் மறந்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதை ஒரு முள் படிக்கிறது. தறி அதிர்ந்தால் முள் இடம் தவறி, படித்ததையே திரும்பப் படிக்கும். அதற்குள் கேம் நின்றுவிடும். கரண்ட் போனால் எங்கள் தறியும்தானே நிற்கும்... சண்டை போட்ட அவசரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

டேபிளைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டார்கள். தறியில் அடி தாங்குவதற்கு வைக்கிற ரப்பர் துண்டுகளை நைனாவே கொண்டுவந்து சிபியுவுக்கு அடியில் கொடுத்தார். தாமு அண்ணா சைக்கிள் டியூபை வெட்டி, ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே தூளி மாதிரி தொங்கவிட்டார்.

பையன்கள் திரும்பி வந்தார்கள். பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தது. அவர் போகவில்லை.

பிற்பாடு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வாங்கிப் போட்டார். அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, மலையே ஆடினாலும் கவலை இல்லை. இன்னும் எதற்கு அண்ணா இந்த டியூப் என்று கேட்டேன். மாமா ரப்பர் கொடுத்த ராசி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

ஹேமா இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தினமும் அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவார். இன்று காலையும் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... இதுதான் தாங்கவில்லை.

பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாயந்திரம் எடுக்கிறார்கள்.

நைனா எப்போது போன் செய்தாலும் பின்னால் தறிச் சத்தம் இருக்கும், கத்தித்தான் பேசுவார். இன்று மெதுவாகப் பேசினார். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"தெரு பூரா நிறுத்திட்டாங்கம்மா. மொதல்ல நம்ம தறியத்தான் நிறுத்தினேன்."

இன்று உங்கள் கார் எங்கேயும் நிற்காது தாமு அண்ணா. போய் வாருங்கள்.