மூன்று தராசும் ஓர் உரலும்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, அரியரத்தினம் தராசின் பித்தளைக் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத்தித் தேய்க்கவில்லை, புண்ணை ஒற்றுவதுபோல ஒற்றினார். பத்து, இருபது, முப்பது இறாத்தல் என்று கறுப்புக்குள்ளிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்னால், கார் நிற்கவேண்டிய இடத்தில், ஒற்றை இருக்கை மரவிமானம் ஒன்று நின்றது. கார் ஐந்து வருடமாக வெளியே மழையில் நிற்கிறது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்தடி நான்கு அங்குல உயரம், ஒட்டிய வயிறு, சொந்தப் பற்கள். இடது நடுவிரலின் நுனி இல்லை. அதைக் கொழும்பு இரத்மலானை விமான நிலையத்தில் ஒரு விமான விசிறிக்குக் கொடுத்தார். இருபது வருடம் அங்கே பிறர் ஓட்டும் விமானங்களைத் திருத்தியவர், ஒன்றையும் ஓட்டியதில்லை. மெல்பேர்னுக்கு வந்து, குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கதவு பூட்டும் வேலையில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் படித்து, நாற்பத்தேழாம் வயதில் உரிமமும் எடுத்துவிட்டார். வாங்க வசதியில்லை. ஆகவே அமெரிக்காவிலிருந்து வரைபடம் வருவித்து, நகருக்கு வெளியே கிரான்பர்ன் வீட்டில் தானே கட்டத் தொடங்கினார். மூக்கில் இருப்பது பழைய வோக்ஸ்வாகன் காரின் எஞ்சின்.

எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் இரண்டு தரம் எறிந்து பிடித்துப் பார்ப்பார். பாண் ரொட்டி, சவர்க்காரக் கட்டி, கலியாணக் கடிதம், எல்லாம் ஒன்றுதான். "பதினைஞ்சு அவுன்ஸ். அரை அவுன்ஸ் கூடவும் இருக்கலாம்." ஆறு ஆணிகள் பாரம் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவருடைய மனைவி நாகேஸ்வரி முதியோர் விடுதியில் தாதி. அவள் சமைத்த இட்டலியைக்கூட அவர் எறிந்து பார்த்த நாளில் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

விமானம் கட்டி முடிந்ததும் அதை நிறுக்கவேண்டும். மொத்தப் பாரம் மட்டும் தெரிந்தால் போதாது. தரையில் உருளும் இரண்டு சில்லும் வாலும் தனித்தனியாக எவ்வளவு தாங்குகின்றன என்பதுதான் கணக்கு. வால் அளவுக்கு மேல் பாரமென்றால் வானத்தில் மூக்கு நிமிரும். நிமிர்ந்த மூக்கைப் பிறகு இறக்க முடியாது. இவருடைய வரைபடத்தில் வாலுக்கு எல்லை முப்பத்து நான்கு பவுண்டு, அதாவது இறாத்தல். அதைத் தாளில் காட்டினால்தான் அரசாங்கப் பரிசோதகர் பறக்க விடுவார்.

விமான நிலையத்தில் முறையான தராசுகள் இருந்தன. ஒரு நாள் வாடகை அவருடைய ஒரு முழுக் கிழமைச் சம்பளம். பழைய சாமான் கடையில் குளியலறைத் தராசு இரண்டு வாங்கி வந்தார். நாகேஸ்வரி ஏறி நின்றாள். ஒன்று அவளை ஒன்பது ஸ்ரோன் என்றது, மற்றது பத்து என்றது. இடையில் பதினான்கு இறாத்தல்.

"இஞ்சேருங்கோ, இதில எந்த நாகேஸ்வரியோட குடும்பம் நடத்தப் போறியள்?"

அடுத்து மாட்டுச்சந்தைத் தராசைக் கேட்கப் போனார். அங்கிருந்த மனிதர் வரைபடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பால் கறக்குமா, மேட்?" என்று கேட்டார். அந்தத் தராசு இருபது இறாத்தலுக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. வால் முழுவதுமே முப்பது சொச்சம்.

கடைசியில் கைகொடுத்தது நாடு கிலோவுக்கு மாறியதுதான். அது 1976. கடைகள் இறாத்தல் தராசுகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. குதிரைத்தீனிக் கடையின் பின்புறம் இரண்டு மேடைத் தராசுகள் மழையில் கிடந்தன; எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார் கடைக்காரர். மூன்றாவது நாகேஸ்வரியின் விடுதியிலிருந்து வந்தது, நோயாளரை நிறுக்கும் தராசு, கால் இறாத்தலும் காட்டும். ஊருக்கெல்லாம் பயனற்றுப்போன தராசுகள் அவருடைய அமெரிக்க வரைபடத்துக்கு அளவாகப் பொருந்தின. துடைத்துப் பூட்டியதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"நாகேஸ், ஒருக்கா ஏறும்."

அவள் செருப்பைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த கதவுத் திறப்புக் கோவையை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஏறினாள். விடுதியில் திங்கள்தோறும் காலைச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் நிறுப்பவள், முதலில் தன்னை நிறுத்துப் பார்ப்பாள். "நூற்றி இருபத்தெட்டு. அதில ஒரு இறாத்தல் பிசகினாலும் தராசில தான் பிழை." மூன்றும் நூற்றி இருபத்தெட்டு என்றன. அரியரத்தினம் சீட்டியடித்தார்.

பரிசோதகர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். அதைத் தவறவிட்டால் இனி மார்ச். அதற்கு முதல்நாள் வெள்ளி, ஆயுதபூசை. அரைநாள் விடுப்பில் வந்த அரியரத்தினம் மத்தியானமே நிறுக்கத் தொடங்கினார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடுவதில்லை. விமானத்தை மட்டமாக நிறுத்த வாலுக்கு உயரம் வேண்டும். ஆவணி மாதமே யோசித்து வைத்திருந்தார்: யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த மரஉரல். அப்போதே அதை நிறுத்து, முப்பத்தெட்டு இறாத்தல் என்று கொப்பியில் எழுதியுமிருந்தார்.

"உரலை எடுக்கட்டே?"

"மா இடிச்சு முடிஞ்சுது. எடுங்கோ."

உரலைக் கவிழ்த்துத் தராசில் வைத்து, அதன்மேல் வாலை ஏற்றினார். சில்லுகள் இரண்டும் வரைபடம் சொன்னபடி வந்தன. வால்பக்கத் தராசு எழுபத்தைந்து காட்டியது. உரல் முப்பத்தெட்டுப் போக முப்பத்தேழு. எல்லைக்கு மூன்று மேலே.

மூன்று தரம் நிறுத்தார். மூன்று தரமும் முப்பத்தேழு. பிறகு கதிரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மூக்கில் ஈயம் கட்டலாம். கட்டினால் மொத்தப் பாரம் கூடிவிடும். எஞ்சினை முன்னே தள்ளிப் பூட்டலாம். அது இன்னொரு வருடம்.

பூசைக்கு டண்டினோங்கிலிருந்து நண்பர் ஆனந்தராஜா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வழி தோன்றிவிட்டது.

"அண்ணை, முப்பத்து மூண்டெண்டு எழுதிவிடுங்கோவன். அந்த வெள்ளைக்காரன் என்ன, வாலைத் தூக்கியே பாக்கப் போறான்?"

"எழுதலாம் ஆனந்தம். பிளேனுக்கு வாசிக்கத் தெரியாதே."

கராஜிலேயே சாமிப் படம் வைத்து, குறடு, அரம், கொப்பி, பேனை எல்லாவற்றையும் அதன்முன் அடுக்கினார்கள். தராசுகளை நகர்த்த முடியாததால் விமானத்தின் அடியிலேயே அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் நாகேஸ்வரி. அரியரத்தினம் தேவாரத்தின் இரண்டாம் வரியைத் தவறவிட்டார். பூசைக் கடலையை வாங்கினார், எறிந்து பார்க்காமல் வாயில் போட்டார். நாகேஸ்வரிக்கு அது நல்ல குறியாகப் படவில்லை.

வால்பக்கத் தராசுக்கு விபூதி பூசக் குனிந்தவள் அப்படியே நின்றாள். தராசுத் தட்டில், உரலைச் சுற்றி, ஈர வளையம் ஒன்று இருந்தது. விடுதியில் கால் வீங்கிய கிழவரின் கணுக்காலை அழுத்துவதுபோலப் பெருவிரலால் உரலை அழுத்தினாள். மரம் குழிவிழவில்லை. ஆனால் விரல் நனைந்தது.

"இஞ்சேருங்கோ. உதை எப்ப நிறுத்தனீங்கள்?"

"ஆவணியில."

"ஆவணியில அது வெடிச்சுக் காய்ஞ்சு கிடந்தது. மா இடிக்க வேணுமெண்டு திங்கட்கிழமை தொடக்கம் மூண்டு நாள் தண்ணியில ஊறவிட்டனான், வெடிப்பு மூட. எங்கட விடுதியில ஒருத்தர் ரெண்டு நாளில மூண்டு இறாத்தல் ஏறினால் அது சதையில்லை, தண்ணி. உரல் நீர் கோத்துக் கிடக்குது."

அரியரத்தினம் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. கை தராசை நோக்கி நீண்டது.

"கையை எடுங்கோ. பூசையில வைச்சாச்சு."

"நாகேஸ், ஒரேயொருக்கா…"

"நாளைக்குக் காலமை."

அவர் கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஆனந்தராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணி, நீங்கள் ஐஞ்சு வருசத்துக்கு முந்தியே இப்பிடிச் சொல்லியிருக்கலாம். காராவது நனையாமல் இருந்திருக்கும்."

மறுநாள் ஆறு மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். நாகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகி, முழங்காலை மடித்து, முதுகு வளையாமல் வாலைத் தூக்கினாள். ஆளைத் தூக்குவது அவளுடைய அன்றாட வேலை. அரியரத்தினம் உரலை வெளியே இழுத்தார், தனியாக நிறுத்தார். நாற்பத்து நான்கு. மீண்டும் உள்ளே வைத்தார். அவள் வாலை இறக்கினாள். அவர் முன்னே போய் இருக்கைக்குப் பக்கத்தில் ரசமட்டத்தைப் பிடித்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை காத்திருந்தார்.

"வாசியும்."

"எழுபத்தைஞ்சு."

உரல் நாற்பத்து நான்கு போக முப்பத்தொன்று. எல்லைக்கு மூன்று கீழே. பேனையைத் திறந்து, பின்னால் போய்ப் பார்க்காமல், அரசாங்கத் தாளில் மையால் எழுதினார். பிறகு தாளைச் சிறகின்மேல் விரித்து, பேனையை அவளிடம் நீட்டினார்.

"இஞ்ச, நிறுக்கேக்க கூட நிண்டவர், சாட்சி எண்டு ஒரு இடம் கிடக்கு. கையெழுத்தை வையும்."

"ஆனந்தம் வரட்டுமே. ஆம்பிளையள் வைக்கிறது நல்லம்."

"அவன் நிண்டவனே?"

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கையெழுத்திட்டு, விடுதிப் படிவத்தில் எழுதுவதுபோல அதன் கீழே நேரத்தையும் எழுதினாள்: காலை 6.50.