ஆறு ஜன்னல் வீட்டுக்கு ஒரு கூலர்

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கு ஆறு ஜன்னல்கள். ஆறையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒழுங்கான ஒரு ஜன்னல் வரும். வீட்டைக் கட்டிய சிங்கள மேசன் பாஸ், அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே, "மாத்தயா, இந்தப் பக்கம் சூடு. ஜன்னல் பெருசா வைங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் மன்றாடிப் பார்த்தார். அப்பா கேட்டால்தானே. அவர் மலைமேல் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே காற்று என்றால் லயத்து வீட்டுக் கதவிடுக்கில் புகுந்து, கம்பளிக்குள் நுழைந்து, எலும்பைத் தேடுகிற சாமான். அதை வெளியே நிறுத்தி வைப்பதற்குத்தான் வீடு என்பது அவருடைய கட்சி. மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கவில்லை.

தலைக்கு மேலே கொங்கிரீட், சுற்றிலும் சுவர். பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குள் இருந்தால் மரவள்ளிக்கிழங்கு மாதிரி அவிந்துபோவோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா குவைத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆறு வருஷம் ஒரு வீட்டில் வேலை பார்த்து அவள் அனுப்பியதில் எழும்பிய வீடு அது. நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தாள். அந்த முறை நான் அழுவேன் என்று, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். பெரியவர்கள் செய்கிற கெட்டிக்காரத்தனங்களில் இதைவிட மோசமான ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. அதனால் இந்த முறை நான் உஷாராக இருந்தேன். அவளுடைய பெட்டி அலுமாரிக்கு மேலே கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பெட்டியைப் பார்ப்பேன். அப்புறம்தான் அம்மாவை.

பால் காய்ச்சிய அன்று வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். "ஏசியில இருந்த ஒடம்பு, பாவம், இந்தச் சூட்ட எப்படித் தாங்கும்?" என்றார்கள். "இப்படியே போனா திரும்பவும் பிளேன் ஏறிருவா பாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் என் பள்ளிக்கூடக் கொப்பியால் விசிறிக்கொண்டே சிரித்தாள். நான் எழுந்து போய், பெட்டி அலுமாரிக்கு மேலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கும் அந்தப் பயம் வந்திருக்க வேண்டும். மறுநாளே சித்தப்பாவை வரவழைத்தார். சித்தப்பா கண்டி டவுனில் மின்சாரச் சாமான் விற்கிற கடையில் வேலை செய்தார். வாய் மட்டும் அந்தக் கடை முழுவதும் தன்னுடையது மாதிரிப் பேசும். ஃபேன் போட்டால் மேலே இருக்கிற சூட்டைக் கீழே இறக்கும், அவ்வளவுதான், ஏசிதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். "அண்ணி எப்பேர்ப்பட்ட வீட்டுல இருந்தவங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா குசினியிலிருந்து, "எனக்கு ஏசி வேணாம்" என்றாள்.

சிக்கனத்துக்குச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். தன்மேல் இருக்கிற மரியாதையில் சொல்கிறாள் என்று சித்தப்பா நினைத்தார். நான் இன்னும் மோசமாக நினைத்தேன்: போகப்போகிறவளுக்கு எதற்கு ஏசி?

ஏசிக்குக் காசு எட்டாமல், கடைசியில் சித்தப்பா கடையில் சொல்லி ஒரு கூலரைக் கொண்டுவந்து இறக்கினார். என் உயரத்துக்கு ஒரு பெட்டி. பின்னால் தண்ணீர் ஊற்றினால் முன்னால் குளிர்ந்த காற்று வரும். ஒரு வாரம் வைத்துப் பார்த்து, பிடித்தால் எடுக்கலாம். "கூல் வெளிய போயிரும், ஒரு ஜன்னலையும் தொறக்கக் கூடாது" என்று கட்டளையும் போட்டார். அப்பாவுக்கு அந்தக் கட்டளை மிகவும் பிடித்துப்போனது. இருந்த ஆறு ஓட்டைகளையும் சாத்தினோம்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். பிறகு வீடு இடியப்பச் சட்டியாக மாறியது. சுவர் வியர்த்தது. பொரித்த அப்பளம் துணி மாதிரித் தொங்கியது. உப்பு தண்ணீராகிவிட்டது. நெருப்புக்குச்சியை உரசினால் பற்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டிய சாமான் அது என்பது விற்கிறவருக்கே தெரியாது. "பழகிரும் அண்ணி" என்று அவர் ஃபோனில் தைரியம் சொன்னார்.

நான்தான் பொறுக்க முடியாமல் சாமியிடம் போனேன். கோயிலில் கொடுத்த திருநீறு ஒரு முழுப் பாக்கெட் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவையும் கூலரின் தண்ணீரில் கொட்டி, "முருகா, இந்த வீடு குளிரணும். அம்மா பெட்டிய எறக்கக் கூடாது" என்று கும்பிட்டேன். முருகன் தாமதிக்கவில்லை. பின்னேரமே கூலர் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது.

சித்தப்பா வந்து பின்மூடியைக் கழற்றினார். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். தொட்டு மோந்து பார்த்தவர், "அண்ணே, இது துன்னூறு" என்றார். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா திரும்பிப் போகக் கூடாதுன்னு போட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"யாருடி சொன்னா நான் போறேன்னு?"

"எல்லாரும்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வேக்காட்டிலும் அவள் உடம்பை விட எனக்கு மனமில்லை. என் தலைக்கு மேலாக அப்பாவிடம் சொன்னாள்: "என்னங்க, பாஸ வரச் சொல்லுங்க. இந்தச் செவர ஒடைச்சு எனக்கு ஒரு பெரிய ஜன்னல் வச்சுக் குடுங்க. அது போதும். நான் எங்கயும் போகல."

"பால் காய்ச்சி ரெண்டு மாசம் ஆகல. செவர ஒடைக்கிறதா?" என்றார் அப்பா. அவர் கட்டிய சுவர். ஒவ்வொரு கல்லும் அவர் நின்று வைத்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனை எடுத்தார்.

பாஸ் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். அப்பவே சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை. நல்ல மனுஷன். முன்சுவரில் ஒன்று, அதற்கு நேர் எதிரே பின்சுவரில் ஒன்று என்று இரண்டு பெரிய ஜன்னல் வைத்தார். மகாவலி ஆற்றுப் பக்கக் காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறியது. வீடு வீடானது. சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூலரைக் கழுவித் துடைத்து எடுத்துப்போனார். பிறகு ஒரு வருஷம் என்னைச் சாமியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அம்மா தன் மெத்தையை முன் ஜன்னலுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். ஒரு நாள் பகல் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. சாரல் அவள் முகத்தில் அடித்தது. நனைகிறாளே என்று நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி விழுந்த சத்தத்துக்கு அம்மா துள்ளி எழுந்தாள். என்னைப் பார்த்து வேறு யாருக்கோ சொல்வது போல அரபியில் என்னவோ சொன்னாள். பிறகு என்னை அடையாளம் கண்டு, ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மெத்த நனையிதும்மா" என்று நான் கோபித்துக்கொண்டேன்.

"நனையட்டும். அங்க என் ரூமுக்கு ஜன்னலே இல்ல பாப்பா."

"ஏசி இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப விடிஞ்சது எப்படித் தெரியும்?"

"மேடம் மணியடிப்பாங்க."

பள்ளிக்கூடம் மாதிரி ஒரு வீடு என்று நினைத்து, எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள்.