பவுனம்மாள் மகள் கை கட்டமாட்டாள்

இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியைக் கிளறி, சாம்பல் துணியில் விழாதபடி பெட்டியைத் தள்ளிவைத்து ஊதினாள் பவுனம்மாள். மேசையில் கிடந்தது ராதாகிருஷ்ணன் வாத்தியாரின் வெள்ளைக் கோட்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு அவர் பள்ளிக்கூடம் போவார். பவுனம்மாளின் மகள் சந்திரகலா மட்டும் போகக்கூடாது. இனி வராதே என்று வெள்ளிக்கிழமையே திருப்பி அனுப்பிவிட்டார்.

பவுனம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மகளுக்கும் அப்படித்தான். கணவன் இறந்த பின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுத் துணிகளைத் தேய்த்துப் பிழைத்தாள். நான் பெரியாஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள், பக்கத்து வீடு. அவள் பிரசவத்துக்குத் துணை இருந்தபோதே அவளுடைய கைப்பேச்சு எனக்குப் படிந்துவிட்டது.

சந்திரகலா செய்த குற்றம் இதுதான். வகுப்பில் பிள்ளைகள் கை கட்டி உட்கார வேண்டும். அவளோ பலகையில் எழுதிய கணக்குக்கு விடையை விரலால் காட்டினாள். கட்டு என்று வாத்தியார் சாடை காட்டினார், கட்டினாள். அடுத்த கணக்குக்கு மறுபடி காட்டினாள். மற்றப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு விரலை நீட்டத் தொடங்கியதும் வாத்தியார் பிரம்பை எடுத்தார்.

ஞாயிறுதோறும் பவுனம்மாள் வீட்டுக் கொட்டகையில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். தெருவார் அதற்கு ‘ஊமைச் சங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். இருக்கட்டும் என்று நாகையா அதையே பலகையில் சுண்ணாம்பால் எழுதி வேலியில் மாட்டினார். ரயில்வே பட்டறையில் பாய்லருக்கு ஆணி அடித்து அடித்துக் காது போனவர் அவர். பேச்சு போகவில்லை. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது மட்டும் தெரியாது.

அன்று சங்கம் முழுவதும், தேய்த்த கோட்டோடு, வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றது. பவுனம்மாள் கையால் பேசினாள். நாகையா அதை வாயால் சொன்னார்.

“வாத்தியாரே, எங்க புள்ளைய ஏன் வெரட்டினீங்க?”

“மெதுவா பேசுங்கண்ணே, தெருவே பாக்குது.”

நாகையாவுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? நான் சாடை காட்டிய பிறகும் அவர் சத்தம் குறையவில்லை.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “கை கட்டுறது மரியாதை, ஆயாம்மா. இன்ஸ்பெக்டர் வந்தா என்னைத்தான் கேப்பாரு. ஊமைச் சங்கத்துக்குப் பயந்துகிட்டா பள்ளிக்கூடம் நடத்துறது?”

அதையும் ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன். பவுனம்மாள் சிரித்தாள். அவள் பதில் நாகையாவின் வாயிலிருந்து தெருக்கோடி வரை போனது.

“அவ கையக் கட்டணும்னா, நீங்க வாயக் கட்டிக்கிட்டுப் பாடம் சொல்லுங்க. நாங்க வந்து பாக்குறோம்.”

எதிர்வீட்டு இராஜம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. வாத்தியாருக்கும் கேட்டது.

“சரி, கடைசி வரிசையில உட்காரட்டும்” என்றார் அவர், குரலை இறக்கி.

பவுனம்மாள் ஒப்பவில்லை. முன்வரிசை என்று காட்டினாள். பலகை தெரிய வேண்டும், அவர் உதடு தெரிய வேண்டும். பதிலுக்குக் காத்திருக்காமல் கோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை இஸ்திரி மேசையைத் தலையில் தூக்கிவந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே போட்டாள். நான் சந்திரகலாவை உள்ளே விட்டுவிட்டுச் சன்னலோரம் நின்றேன். அவள் நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கை கட்டச் சொன்னார் வாத்தியார். எல்லாரும் கட்டினார்கள், அவளைத் தவிர. அவர் பிரம்பைப் பார்த்தார். சன்னல் வழியே வெளியே பார்த்தார். சாலைக்கு அப்பால் பவுனம்மாள் கரியை ஊதிக்கொண்டிருந்தாள். வாத்தியார் திரும்பிப் பலகையில் ஒரு கணக்கை எழுதினார். சந்திரகலா விரலை நீட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கை எழுதினார்.