பீரங்கிக்கு நாடா கோத்த பயணம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தையற்காரன் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன். அப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யுத்தம் முடிந்துவிட்டது. அதனால் 1944-இல் மயிலாப்பூரிலிருந்து ஒரு போர்க்கப்பலுக்குப் போய்வந்ததை இப்போது சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. கப்பலின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் லஸ் முனையில் டிராம் ஏறினேன். துறைமுகம் ஏறக்குறைய ஐந்து மைல். டிக்கெட் ஓர் அணா. காலடியில் பெரிய மூட்டை. அதில், கடல்தண்ணீர் படாமல் பீரங்கிகளுக்கு மாட்ட நான் கான்வாஸில் தைத்த பன்னிரண்டு உறைகள்.

"இன்னா பாய், மூட்டைல இன்னா கீது?" என்றார் கண்டக்டர்.

விவரம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "உறை" என்றேன்.

"தலகாணி உறையா? இம்மாம் பெருசா? படுக்கிறது ஆளா, ஆனையா?"

டிராமே சிரித்தது. ராயப்பேட்டை தாண்டும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

எட்டரை மணிக்குத் துறைமுக வாசலில் அந்தோணி காத்திருந்தார். சாந்தோம் மீனவர் குடும்பத்துப் பிள்ளை, கடற்படைச் சிப்பாய், என் கடையில் துணி தைக்கக் கொடுப்பவர். இந்த வேலை வந்ததே அவரால்தான். பழைய பீரங்கி உறைகளில் இரும்புக் கொக்கிகள் இருந்தன. உப்புக் காற்றில் அவை துருப்பிடித்து இறுகிவிடும். அவசரத்தில் கழலாது. பைஜாமா மாதிரி நாடா கோத்து, உருவு முடிச்சுப் போட்டால் ஒரே இழுப்பில் அவிழுமே என்று நான் கடையில் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் அதை அதிகாரிகளிடமே சொல்லிவிட்டார். ஓர் உறையைச் சோதித்துப் பார்ப்பார்கள்; தேறினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் கப்பல் பழைய உறைகளோடே புறப்படும்.

கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டிருந்தது. மோட்டார் படகில் இருபது நிமிஷம். கிட்டே போனதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கச்சேரி ரோட்டை வீடுகளோடு தூக்கி மிதக்கவிட்ட மாதிரி இருந்தது.

"இதை யாரால் அசைக்க முடியும், தம்பி?" என்றேன்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன், பாய். பக்கமெல்லாம் தடி இரும்பு. ஆனா மேல்தட்டு அவ்ளோ தடிப்பு இல்ல. பெரிய பீரங்கி எதிரி கப்பல அடிக்கும். பட்டாளம் கரையில எறங்கறதுக்கு முன்னால குண்டு போட்டு வழி பண்ணிக் குடுக்கும். ஏரோப்ளேன் வந்தா? வானத்தப் பாத்துக்கினு நிக்கிற சின்ன பீரங்கிங்கதான் காப்பாத்தணும். நீ தெச்சிக்கீறது அதுங்களுக்குத்தான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இத்தாம்பெரிய கப்பல் ஒண்ணு ஏரோப்ளேன் குண்டுல முழுகிச்சு. எங்க சின்னக் கப்பல் போய் ஆளுங்களத் தண்ணிலேர்ந்து தூக்கிச்சு. ஒருத்தனுக்கு வெரல்ல நகமே இல்ல, பாய். பீரங்கி உறை கொக்கிய இழுத்து இழுத்துப் பிஞ்சி போச்சு."

பத்து மணிக்குச் சோதனை. பீரங்கிகளுக்கு அதிகாரியான வெள்ளைக்காரர் கையில் கடிகாரத்தோடு நின்றார். என் உறையை ஒரு பீரங்கிக்கு மாட்டி, நான் முடிச்சுப் போட்டேன். நாடாவைப் பார்த்ததும் மாலுமிகள் சிரித்தார்கள்.

"பீரங்கிக்குப் பைஜாமா மாட்டிட்டியாம்" என்று அந்தோணி எனக்குச் சொன்னார்.

ஒரு வாளி கடல்தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்கள். அதிகாரி தலையசைத்ததும் செம்பட்டை முடி மாலுமி ஒருவன் நாடாவை இழுத்தான். முடிச்சு அவிழவில்லை, இறுகிவிட்டது. தொங்கின இரண்டு முனைகளில் தப்பான முனையை இழுத்திருந்தான். பைஜாமா கட்டிப் பழகாதவனுக்கு எந்த முனை என்று எப்படித் தெரியும்? தினமும் கட்டுகிற எனக்கு அது தோன்றவே இல்லை.

அதிகாரி கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டு ஏதோ சொன்னார்.

"பழைய கொக்கியே போதுமாம், பாய்."

நகம் பிய்ந்த அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் விரல்கள்தான் என் கண்ணில் நின்றன.

"கொஞ்சம் இருங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்தேன். முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தி, நாடாவின் ஒரு முனையைத் துணியோடு சேர்த்துத் தைத்தேன். பிறகு மறுபடி முடிந்தேன். வெளியே தொங்கியது ஒரே முனைதான்.

"இப்ப தப்பா இழுக்க முடியாதுன்னு சொல்லு, தம்பி."

அந்தோணி சொன்னதும் அதிகாரி கடிகாரத்தை மறுபடி வெளியே எடுத்தார். மறுபடி ஒரு வாளி தண்ணீர். இந்தத் தடவை அந்த மாலுமி வேடிக்கைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கக் குனிவதற்குள் உறை அவன் காலடியில் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரே கைதட்டல்.

மீதிப் பதினொன்றையும் மேல்தட்டில் உட்கார்ந்தே திருத்தினேன். டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். மூன்று மணிக்குக் கடைசி உறையை மாட்டியதும் அதிகாரி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயிலாப்பூரில் இருபது வருஷமாகத் தைக்கிறேன். தைத்த கையை யாரும் குலுக்கியதில்லை.

படகில் திரும்பும்போது கப்பலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் வாசலுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிறோம், கூரையைப் பற்றி நினைப்பதில்லை. அந்தப் பெரிய கப்பலைக் கட்டியவர்களும் நம்மைப்போலத்தான் என்று தோன்றியது. அதன் கூரைக்கு என்னாலான தையலைப் போட்டுவிட்டேன். அன்று கச்சேரி ரோட்டில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் காலை சாந்தோம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். கப்பல் இல்லை. வெள்ளிக்கிழமையானதால் பன்னிரண்டு மணிக்கே கடையை அடைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனேன்.