தார்ன்ராய்டை விட்டு இறங்கியவர்

வில்ஃப் கிளெக்குக்கு எழுபத்தோரு வயது. முழங்கால்கள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. மேட்டு உச்சியில் உள்ள தார்ன்ராய்ட் பண்ணையில் குத்தகைக்கு ஆடு வளர்த்துவந்தார். முட்காடு வெட்டித் திருத்திய நிலம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அறுநூறு வருடமாகியும் முள் இந்தச் செய்தியைக் கேள்விப்படவில்லை.

பண்ணையைவிட அதன் பெயர் நன்றாக விளைந்தது. கீழே எங்கள் பள்ளத்தாக்கில் அது குடும்பப் பெயர்: ரொட்டிக்கடைக்காரர் தார்ன்ராய்ட், பல் டாக்டர் தார்ன்ராய்ட், கல்லறைத் தோட்டத்தில் பாதிப்பேர் தார்ன்ராய்ட். மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ஒருவர்கூடக் கிடையாது. அடுத்து ஆஸ்திரேலியாவில்தான். கோடை வந்தால் அந்த ஆஸ்திரேலியாக்காரர்கள் வாடகைக் காரில் பூர்விகம் தேடி ஏறி வருவார்கள், சரியாக வில்ஃப் ஆட்டுக்குக் குளம்பு சீவும் நேரத்தில். யாரும் எதுவும் கேட்காத ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவர் ஆசை.

கடைசியாக வந்தவர் அடிலெய்டு நகரத்து மெர்ல் அம்மையார்.

"நீங்கதான் இப்போ இருக்கற தார்ன்ராய்டா?"

"நான் கிளெக்கும்மா."

"அப்போ எங்க ஆளுங்க?"

"இங்க இருந்தவன் எவனுக்கும் அந்தப் பேர் கிடையாதும்மா. கீழ இறங்கிப் போனவனைத்தான் ஊர்க்காரன் தார்ன்ராய்ட்காரன்னான். உங்க பாட்டன் புத்திசாலி, ஓடிட்டாரு."

அம்மையார் கண்கலங்கி, ஞாபகார்த்தமாக ஆட்டுப்பட்டிச் சுவரிலிருந்து ஒரு கல்லை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர். அவர் கார் திரும்புவதற்குள் இரண்டு முழம் சரிந்தது. இருட்டும்வரை வில்ஃப் பதினோரு ஆடுகளின் பின்னால் நொண்டினார். மறுநாளே குத்தகையை விட்டுவிட்டு, கீழே கால்வாயோரம் ஓர் அறைக்குக் குடிவந்தார். நாற்காலியும் வாங்கினார்.

மருந்துக்கடைப் பெண் பெயர் கேட்டாள். சொன்னார்.

"ஐயோ, கறிக்கடைக்காரரும் வில்ஃப் கிளெக்தானே! அவரோட இதய மாத்திரையை நீங்க முழுங்கிட்டா? எங்கேருந்து வந்திருக்கீங்க தாத்தா?"

"தார்ன்ராய்ட்லேருந்து."

"அதையே எழுதிக்கறேன்."

அடுத்த வாரம் கடையில் நல்ல கூட்டம். "தார்ன்ராய்ட்!" என்று கூவினாள். மூன்று பேர் எழுந்தார்கள்.

வில்ஃப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நான்காவதாக எழுந்தார்.